ஒரே ஓர் அசல்

அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பெண்கள் வெளியே போகும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை. எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்கா. வேலை முடிந்து போகும் பெண்களின் இடுப்பைத் தடவிப் பார்த்து, பையைக் கவிழ்த்துப் பார்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்தும் பார்த்து வெளியே விடுவது அவள் உத்தியோகம்.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் அல்ல, சம்பளத்துக்குச் செய்த வேலைதான். ஆனாலும் இத்தனை வருஷம் செய்த வேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளாமல் போகுமா? கணவர் கடைக்குப் போய் வந்தால் காய்கறிப் பையை வாங்குவதற்கு முன்னால் அவருடைய சட்டைப் பையைப் பார்ப்பாள். மகள் தோழி வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று போய் வந்தால், எந்தப் பக்கம் படித்தாய், அதில் என்ன படம் இருந்தது என்று கேட்பாள். கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தைக்கூட இவள் முழுசாக நம்புவதில்லை என்று கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாசலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே வரும்போது காட்டிச் சீட்டு வாங்காத எந்தப் பொருளும் வெளியே போகும்போது கம்பெனிக்குச் சொந்தம். அப்படிப் பிடிபட்டவை ஸ்டூலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் கூடைக்குப் போகும். கத்தரிக்கோல், பட்டன், லேஸ் துண்டு என்று ஆரம்பித்த அந்தக் கூடையில் ஒரு ஒற்றைச் செருப்பும் சில மூக்குக்கண்ணாடிகளும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தன.

கொஞ்ச நாளைக்கு முன்னால் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி நீல நூல்கண்டோடு மாட்டினாள்.

"அக்கா, இது வீட்டுலேர்ந்து கொண்டாந்தது. புள்ளையோட யூனிஃபார்ம் கிழிஞ்சிருச்சு. சாப்பாட்டு நேரத்துல தைச்சேன்."

"உன்னுதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நூலுக்கு என்னக்கா ஆதாரம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

நூல்கண்டு கூடைக்குப் போயிற்று. அந்த மாதம் முழுக்க தொழிற்சாலையில் வெள்ளைச் சட்டை மட்டும்தான் தைத்தார்கள் என்பதும், கட்டடத்துக்குள் எங்கே தேடினாலும் நீல நூல் கிடைக்காது என்பதும் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிவது வேறு, சட்டம் வேறு. பக்கத்தில் நின்று வேலை பழகிக்கொண்டிருந்த இளம்பெண்ணைப் பார்த்து, "பாத்தியா? குரலை ஒசத்தவே கூடாது. மெதுவாக் கேக்கணும். அப்பத்தான் பதில் வராது" என்றாள். உச்சந்தலையில் பெரிய கொண்டை போட்டிருந்ததால் அந்தப் பெண்ணுக்குக் கொண்டை என்றே பெயர். கொண்டை தலையாட்டினாள்.

இப்படிப்பட்ட அக்காவின் அடிமடியிலேயே அரசாங்கம் கை வைத்தது. காவல், சோதனை வேலைகளில் இருக்கிறவர்கள் இனிமேல் உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முடிக்காதவர்கள் சமநிலைத் தேர்வு எழுதி, வருஷக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஸ்டூல் கிடையாது. அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அக்கா. கணவரின் வருமானம் அவருடைய டீச்செலவுக்கே சரியாக இருந்தது. அந்த ஸ்டூல்தான் குடும்பத்தின் நாலு கால்.

கொண்டையும் பள்ளிக்கூடத்தை முடிக்காதவள்தான். ஆனால் அவள் மதியம் டீ குடிக்கப் போனவள், டீ ஆறுவதற்குள் சான்றிதழோடு திரும்பி வந்துவிட்டாள். தங்க நிற பார்டர், மூலையில் பளபளவென்று ஸ்டிக்கர், நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் கொண்டையின் போட்டோ. தேர்வு வாரியத்தின் வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் அடித்துத் தருகிறார்களாம்.

"அக்கா, நீங்களும் ஒண்ணு வாங்கிக்கோங்க. கடைக்காரரு ரொம்ப நல்ல மனுஷன். மார்க்கு எவ்வளவு வேணும்னு நம்மளையே கேக்கறாரு."

"போடி. ஊர்ல இருக்கிற திருட்டையெல்லாம் புடிச்சிட்டு, நானே திருட்டுக் காகிதத்தை நீட்டினா அந்த ஸ்டூலே என்னைக் கீழ தள்ளிடும்."

இதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அந்த ஜெராக்ஸ்காரர் வாரியமே வைத்திருக்கும் ஆளாக இருக்கலாம், வாங்குகிறவர்களைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். அதனால் நேர்மையாகவே போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

வயதுவந்தோர் உயர்நிலைக் கல்விச் சமநிலைத் தேர்வு மற்றும் சான்றளிப்பு வாரியம் என்பது அந்த இடத்தின் முழுப் பெயர். அதைச் சொல்லி வழி கேட்பதற்குள்ளேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும். அதுதான் முதல் வடிகட்டல். உள்ளே நுழைந்ததும் ஒரு பலகை: 'நேர்மையானவர்கள் அஞ்சத் தேவையில்லை.' அதற்குக் கீழே இன்னொன்று: 'காத்திருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது.' நாற்காலிகள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மேஜையில் ஒரு பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். யாராவது உள்ளே இருக்கும் ரீஃபிலை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், முன்னெச்சரிக்கையாக வாரியமே அதை உருவி எடுத்து வைத்திருந்தது.

சந்தேகத்தைத் தொழிலாகக் கொண்ட அக்காவுக்கு இதையெல்லாம் பார்த்ததும் முதலில் மரியாதைதான் வந்தது. ஆட்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

விசாரணை அலுவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பள்ளிக்கூடம் முடிக்கலைங்கறீங்க."

"ஆமா சார்."

"முடிக்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

அக்காவுக்கு எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. "முடிக்காததுக்கு என்ன சார் ஆதாரம் இருக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏற்கெனவே படிச்சவங்க படிக்காத மாதிரி வேஷம் போட்டுட்டு வந்து, தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிட்டா என்ன ஆகறது? படிக்காதவங்களுக்கான திட்டம்மா இது. படிச்சவங்க உள்ள பூந்துட்டா ஏழை எளியவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"நான் படிச்ச பள்ளிக்கூடமே இப்ப இல்ல சார். இடிச்சிட்டாங்க."

"ஆதாரத்தை அழிச்சிட்டீங்கன்னு எடுத்துக்கலாமா?"

கடைசியில் ஒரு வழி சொன்னார். விண்ணப்பதாரரின் அறியாமையைச் சின்ன வயதிலிருந்து நேரில் கண்ட நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

அக்காவுக்கு உடன்பிறந்த மூத்தவள் ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து தங்கையைப் பற்றி நாலு பேர் முன்னால் வாய்விட்டுப் பேசச் சந்தர்ப்பம் கிடைக்காமல் ஏங்கிக்கொண்டிருந்தவள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வாரியத்துக்கு வந்தாள்.

"இவளா சார்? சின்ன வயசுலேர்ந்தே மண்டு. கடைக்கு உப்பு வாங்க அனுப்பினா, வாங்க வந்ததை மறந்துட்டுக் கடைக்காரரையே 'நான் எதுக்கு வந்தேன்'னு கேப்பா. ஒருநாள் பாருங்க, கண்ணாடியைத் தொடைக்கச் சொன்னா, பின்பக்கம் ஏன் தெரியலைன்னு சுரண்டிச் சுரண்டி ரசத்தையே எடுத்துட்டா. எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு..."

"போதும்மா."

"இல்ல சார், கல்யாணத்தன்னிக்கு நடந்ததைச் சொல்லலையே. மாப்பிள்ளை எந்தப் பக்கம்னு தெரியாம..."

அலுவலர் நிறுத்தச் சொல்ல, மூத்தவள் நிறுத்தாமல் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்குக் கை வலித்துவிட்டது. தங்கை முட்டாள்தான் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாயிற்று. அக்காவுக்குக் காது மடல் எரிந்தது. மூத்தவள் போகும்போது, "மறுபடி எப்ப சார் வரணும்?" என்று ஆசையோடு கேட்டுவிட்டுப் போனாள்.

"சார், என்ன பாடம் படிக்கணும்னு சொன்னீங்கன்னா..." என்று அக்கா இழுத்தாள்.

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாடத்திட்டம் ரகசியம். வெளியே தெரிஞ்சா ஜனங்க அதைப் படிச்சிட்டு வந்துடுவாங்க. அப்பறம் அவங்களுக்கு நிஜமாவே தெரியுமா, இல்ல படிச்சதால தெரியுமான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அக்கா வீட்டுக்கு வந்து மகளின் பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினாள். எது வரும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்டூலில் ஆள் வராத நேரத்தில் வரலாறு, அடுப்படியில் அறிவியல். கணக்குக்கு மகள். மகளும் தாய்க்குத் தப்பாமல் பிறந்தவள். "நீயே போட்டியா, பின்னாடி விடையைப் பாத்துப் போட்டியா?" என்று கேட்டு, விடைப் பக்கங்களைக் கிழித்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். முதலில் அக்காவுக்குக் கோபமாக வந்தது. பிறகு ஒரு சாயங்காலம், எங்கே தட்டுகிறது என்றே தெரியாமல் மல்லாடிக்கொண்டிருந்த ஒரு கணக்கு தானாக வழிக்கு வந்தது. அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டூல் மட்டும் இல்லை, இதுவும் தனக்கு வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தேர்வு நாளன்று வாரியத்தின் தலைவரே வந்து பேசினார். தேர்வு எழுத வந்தவர்களைவிடக் கண்காணிக்க வந்தவர்கள் அதிகம். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கண்காணிப்பாளர். அந்தக் கண்காணிப்பாளர் இரக்கப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள அவருக்குப் பின்னால் இன்னொருவர். சுவரில் தலைவர் விருது வாங்கும் படங்கள் வரிசையாகத் தொங்கின.

"அன்புக் கற்போரே! நம்ம அரசோட கொள்கை ரொம்பப் பரந்த மனசோட எழுதப்பட்டது. யார் வேணாலும், எந்த வயசுலயும் படிக்கலாம்னு அதுல இருக்கு. படிக்கலாம்னு இருக்கு. பாஸ் ஆகலாம்னு எங்கேயும் இல்ல. அதை நீங்க கவனிக்கணும். இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிய வரைக்கும் எங்க சான்றிதழுக்கு ஒரே ஒரு போலிகூட வந்ததில்ல. வேற எந்தத் துறை இப்படி மார்தட்டிச் சொல்ல முடியும்? எப்படிச் சாதிச்சீங்கன்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து கேக்கறாங்க. ரொம்பச் சுலபம். அசல்னு ஒண்ணு இருந்தாத்தானே போலி வரும்? நாங்க அசலையே குடுக்கறதில்ல. வேரையே அறுத்துட்டோம்!"

கண்காணிப்பாளர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள், சரியாகத் தட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி எழுந்தாள். "எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில குடுக்கறாங்களே சார், அது?"

தலைவர் பரிவோடு சிரித்தார். "எதோட போலிம்மா அது? சொல்லுங்க. எங்ககிட்ட இல்லாத ஒண்ணை அவர் எப்படிப் போலி பண்ண முடியும்? அது வெறும் அலங்காரக் காகிதம். சட்டப்படி வாழ்த்து அட்டைக்குச் சமம்."

பிறகு உடல் சோதனை. சோதனை செய்த பெண் தொழில் தெரியாதவள். மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போ என்றாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, இடுப்புப் பட்டியை மடிச்சுப் பாக்கல, கொண்டைக்குள்ள விரலை விடல" என்று சொல்லிக் கொடுத்தாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். 'ஒளித்து வைக்கும் இடங்கள் அனைத்தும் இவருக்குத் தெரிந்திருக்கின்றன' என்று எழுதி அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டார்கள். அதனால் அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கண்காணிப்பாளர், மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார். அவர் நடுவில் தும்மியது சைகையாக இருக்குமோ என்று கொஞ்ச நேரம் தேர்வை நிறுத்தி வைத்தார்கள். மீன்காரம்மாள் வழக்கமாக விரல் விட்டுத்தான் எண்ணுவாள். விரல்களில் விடை இருக்கலாம் என்று அவள் கைகளில் உறை மாட்டிவிட்டார்கள். உறை மாட்டிய கையில் பேனா நிற்காமல் அவள் பாதியிலேயே எழுந்து போனாள்.

அக்கா எழுதினாள். தெரிந்ததை எழுதினாள், தெரியாததை விட்டாள்.

அந்த வாரியத்தில் விடைத்தாள்களை இரண்டு பேர் திருத்துவார்கள். முதலாமவர் எப்போதும் ஃபெயில் போடுவார். மாற்றிப் போட்டால் காசு வாங்கிவிட்டோம் என்பார்களே என்று பயந்து இரண்டாமவரும் ஃபெயில் போடுவார். இந்த முறை முதலாமவருக்கு, இரண்டாமவரைத் தலைவர் தன்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று ஒரு சந்தேகம். இரண்டாமவருக்கும் முதலாமவர் மேல் அதே சந்தேகம். பயத்தில் இரண்டு பேருமே நேர்மையாகத் திருத்திவிட்டார்கள்.

அக்கா பாஸ்.

வாரியத்தில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவசரக் கூட்டம் கூட்டி அக்காவை அழைத்தார்கள். தலைவர், செயலாளர், நேர்மை ஆலோசகர் மூவரும் ஒரு பக்கம். அக்கா சுவரைப் பார்த்த நாற்காலியில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு பக்கம்.

"ஏம்மா பாஸ் பண்ணீங்க?" என்றார் தலைவர். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"கேள்விக்குப் பதில் எழுதினேன் சார்."

"எல்லாருந்தான் எழுதறாங்க. நீங்க ஏன் சரியா எழுதினீங்க?"

"படிச்சேன் சார்."

"எதை? பாடத்திட்டம்தான் ரகசியமாச்சே!"

"எது வரும்னு தெரியாததால எல்லாத்தையும் படிச்சேன்."

'பாடத்திட்டத்துக்கு வெளியேயும் படித்ததாக ஒப்புக்கொள்கிறார்' என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

நேர்மை ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவங்க அறியாமையைப் பத்தி உறவினர் விரிவா வாக்குமூலம் குடுத்திருக்காங்க. மண்டுன்னு நிரூபணம் ஆன ஒருத்தர் பாஸ் பண்ணா, ஒண்ணு வாக்குமூலம் பொய், இல்ல தேர்வு பொய். ரெண்டுல எது பொய்னாலும் குத்தம் இவங்களோடது."

மறுதேர்வு என்று தீர்மானமாயிற்று. அதே கேள்வித்தாள்தான். முன்பு எழுதியது போலவே எழுதினால் மனப்பாடம். வேறு மாதிரி எழுதினால் முன்பு எழுதியது வேறு ஆள்.

"அப்ப எப்படித்தான் சார் எழுதறது?"

"அதைச் சொல்லிட்டா கேள்வித்தாள் வெளியான மாதிரி ஆயிடும்" என்றார் செயலாளர்.

இப்போதுதான் அக்காவுக்கு வாரியத்தின் மேல் இருந்த மரியாதை போய் உண்மையான சந்தேகம் வந்தது. இவர்கள் திருட்டைப் பிடிக்கிறவர்கள் இல்லை, பூட்டிய கடைக்குக் காவல் இருக்கிறவர்கள் என்று தெரிந்துபோயிற்று. வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தாள். பிறகு போய் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மறுவிசாரணைன்னு சொன்னாங்க" என்று வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தாள் மூத்தவள். "அன்னிக்குக் கல்யாணத்தோட நிறுத்திட்டீங்க சார். அதுக்கப்பறம்தான் விஷயமே இருக்கு. இவ முதல் தடவை சமைச்சப்ப..."

அவள் தினமும் வந்தாள். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள். தலைவர் காரில் ஏறினால் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னாள். நேர்மை ஆலோசகர் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தபோது வீட்டுக்கே போய், அக்கா சின்ன வயதில் காய்ச்சலில் படுத்த கதையைச் சொன்னாள். அரசாங்கக் கொள்கையால் ஆகாததை மூத்தவளின் வாய் சாதித்தது. அந்தப் பெண்மணி இனி வர மாட்டார் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மறுதேர்வை விட்டுவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அப்போதுதான் ஒரு சங்கடம் வந்தது. சான்றிதழ் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றுகூட கொடுத்ததில்லையே! தட்டச்சுக்காரர், "எதைப் பாத்து அடிக்கறது சார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில், 'இவர் பாஸ் என்று தெரிகிறது' என்று அடித்தார்கள். வாரியத்தின் முத்திரை இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதன் சாவி எப்போதோ ஓய்வுபெற்றுப் போன செயலாளரோடு போய்விட்டது. அதனால் கையில் அகப்பட்ட 'தபால் பெறப்பட்டது' முத்திரையைக் குத்தினார்கள். தலைவர் கயிற்றில் கட்டிய பேனாவால் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். ரீஃபில் இல்லாத பேனா. தாளில் பள்ளம் மட்டும் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்று அக்கா அதை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கோணத்தில் கையெழுத்து தெரிந்தது. மறுபடி சாய்த்தாள், மறுபடி தெரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காகிதத்தைச் சந்தேகப்படாமல் பார்க்கிறோம் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அரிசி டப்பாவைத் திறந்து, கிழித்து வைத்திருந்த விடைப் பக்கங்களை எடுத்துத் தந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா அதைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்த தலையோடு தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். சோதனைக்காரியை யார் சோதிப்பது? சீட்டு வாங்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜர் தாளைப் பார்த்தார். மேஜைமேல் ஏற்கெனவே இருந்த கொண்டையின் சான்றிதழைப் பார்த்தார்.

"என்ன அக்கா இது? இத்தனை வருஷமா எல்லாரையும் புடிச்சீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"சார், இதுதான் அசல். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க."

"நான் பாத்ததெல்லாம் இந்த மாதிரிதான் இருக்கு." தங்க பார்டரை விரலால் தடவினார். "பக்கத்து மில்லுல, ஆஸ்பத்திரியில, பேங்க்ல, எல்லா எடத்துலயும் இதேதான் குடுத்திருக்காங்க. உங்களுது மட்டும் வேற மாதிரி இருந்தா எது போலி?"

"வாரியத்துக்குப் போன் போடுங்க சார். கொண்டை அதை எங்க வாங்கினான்னும் தெரிஞ்சுபோயிடும்" என்றாள் அக்கா. கொண்டையைக் காட்டிக்கொடுப்பதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் ஸ்டூலை விட்டால் கதி ஏது?

மேனேஜர் போட்டார். எல்லோரும் கேட்கும்படி வைத்தார். தலைவரே பேசினார்.

"சான்றிதழா? நாங்க இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்லையே. அடுத்த வாரம் அதுக்காகத்தான் எங்களுக்கு விருதே தர்றாங்க. நீங்களும் வரணும்."

"சார், நான்தான்! எங்கக்காகூட தினம் வந்தாங்களே!" என்று அக்கா கத்தினாள்.

"குரலை வெச்செல்லாம் எதையும் உறுதிப்படுத்த முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனை வைத்துவிட்டார்.

மேனேஜர் நியாயவான். யோசித்துத்தான் பேசினார். "அப்ப ரெண்டுமே போலி. சரி. ஆடிட்டுக்கு வர்றவங்க கண்ணுக்குச் சான்றிதழ் மாதிரி ஒண்ணு தெரியணும். ரெண்டும் போலின்னு ஆனப்பறம், நல்லா இருக்கற போலியை வெச்சுக்கறதுதான் நிர்வாகத்துக்கு அழகு. நீங்க இன்னியோட கணக்கை முடிச்சுக்குங்க."

அக்கா அழவில்லை. வரலாற்றிலும் அறிவியலிலும் கணக்கிலும் படித்தவற்றில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று ஒரு கணம் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. தாளை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து போகும் பெண்களின் வரிசையில் கடைசிக்கு முந்தி நின்றாள். அவளுக்குப் பின்னால், அன்று நூல்கண்டோடு மாட்டிய தையல் பிரிவுப் பெண் நின்றாள்.

ஸ்டூலில் கொண்டை உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் எழுந்து, கண்ணைப் பார்க்காமல் பையை வாங்கிக் கவிழ்த்தாள். டப்பா, சீப்பு, கர்ச்சீப். அந்தத் தாள்.

"சீட்டு இருக்காக்கா?"

"என்னுதுதாண்டி. உனக்குத் தெரியாதா?"

கொண்டை தலைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், சொல்லிக் கொடுத்த மாதிரியே மெதுவாகக் கேட்டாள். "உங்களுதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

அக்கா தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டப் பார்த்தாள். வெயில் போய்விட்டிருந்தது. வாசலில் எரிந்த ட்யூப்லைட்டில் பள்ளம் தெரியவில்லை. கொண்டை அதை வாங்கிக் கூடையில் போட்டாள். அரசாங்கம் கொடுத்த ஒரே ஓர் அசல், ஒற்றைச் செருப்புக்கும் நீல நூல்கண்டுக்கும் மேலே போய் விழுந்தது.

அக்கா குனிந்தாள். தாளை எடுக்கத்தான் குனிகிறாள் என்று கொண்டை பயந்தாள். ஆனால் அவள் எடுத்தது நூல்கண்டை. திரும்பி, பின்னால் நின்ற தையல்காரப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இந்தா. இது உன்னுதுதான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

அந்தப் பெண் நூல்கண்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. என்னுதுன்னா ஆதாரம் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தது தன் முறை என்பதால் சோதனைக்காக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.